வேதபுரத்து நகையும் புதியவன் நோக்கும்

பாரதியாரின் உரைநடையை ஆராய்வோர் பெரும்பாலும் இருவழிகளுள் ஒன்றையே மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் அவ்வுரைநடையிலிருந்து கருத்துகளைத் திரட்டி, பெண்விடுதலை, சாதியொழிப்பு, கல்வி, தொழில் எனத் தலைப்பிட்டு வகுப்பர். மற்றொரு சாரார் அதிலிருந்து வாழ்க்கைக் குறிப்புகளைப் பொறுக்கி வரலாறு சமைப்பர். இருவர் பணியும் வேண்டப்படுவதே. ஆயினும் இவ்விருவர் கைக்கும் அகப்படாது நழுவும் ஒரு தொகுதி உளது. வேதபுரம் என்னும் ஊரைக் களமாக வைத்து, பெரும்பாலும் புனைபெயர் பூண்டு, 1915 முதலான ஆண்டுகளில் ‘சுதேசமித்திர’னுக்கு அவர் எழுதிய சிறு சித்திரங்களே அவை. ‘காக்காய் பார்லிமெண்ட்’, ‘புதிய கோணங்கி’, ‘மிளகாய்ப் பழச் சாமியார்’, ‘கடற்கரையாண்டி’ என்பன அவற்றுட் சில. இவற்றைக் கதை என்பார் உளர். கட்டுரை என்பாரும் உளர். கருத்துத் தேடுவோர் இவற்றின் நடுவிலுள்ள இரண்டொரு பத்திகளை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகின்றனர். வரலாறு தேடுவோரோ, இன்ன நாளில் இன்னார் வீட்டுக்கு வந்தார் என்று அவற்றை நாட்குறிப்பாகவே கொண்டு விடுகின்றனர். எஞ்சியது என்று விடப்படுவது நகைச்சுவை. நாட்குறிப்பு என்று கொள்ளப்படுவதும் நகைச்சுவையே. அந்நகையின் இயல்பு யாது, அது யாரிடமிருந்து யாரை நோக்கிப் பிறக்கின்றது என்று வினவாமல் இவ்விரு பயனையும் கொள்ளுதல் முறையாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் ஆசிரியரின் நிலையை நினைவுகூர்தல் வேண்டும். 1908-ஆம் ஆண்டு, சென்னையில் ‘இந்தியா’ இதழின் பதிவுபெற்ற வெளியீட்டாளர் சிறைப்பட்ட பின்னர், பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கு அவருக்கு உறவினர் இல்லை. அறிமுகக் கடிதம் ஒன்றே துணை. முதலில் இடம் கொடுத்த குப்புசாமி ஐயங்கார் போலீசாரின் நெருக்குதலுக்கு அஞ்சினார் என்றும், குவளை கிருஷ்ணமாசாரியார் முதலியோர் பின்னர்த் துணைநின்றனர் என்றும் அறிகிறோம். அவ்வாண்டு அக்டோபரில் ‘இந்தியா’ புதுவையிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கி, 1910 மார்ச்சுடன் நின்றது. அவ்வாண்டு ஏப்பிரல் 4-இல் அரவிந்தரும், பின்னர் வ. வே. சு. ஐயரும் அவ்வூர் வந்து சேர்ந்தனர். 1918 நவம்பர் 20-இல் எல்லையைக் கடந்தபோது பாரதியார் கைது செய்யப்பட்டார். ஆகவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் புதுவை வாசி. பத்தாண்டு வாழ்ந்தவனைப் புதியவன் என்னலாமோ எனின், ஈண்டுச் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் 1911 சூன் 17-இல் கொல்லப்பட்ட பின் பிரிட்டிஷ் ஒற்றர்கள் புதுவையில் பெருகினர். வெளியூரிலிருந்து வந்து தங்கியோர் ஊர்ப் பெருமக்கள் ஐவரிடம் நற்சான்று பெற்றுத் தருதல் வேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. கலவை சங்கர செட்டியார் அந்நாளில் அக்கையொப்பங்களைப் பெற்று உதவியது அரவிந்தர் வரலாற்றில் பேசப்படும் செய்தி. ஊராரின் கையொப்பம் இன்றி ஊரில் இருக்கவியலாதவன் எத்தனை ஆண்டு இருந்தும் புதியவனே.

இனி, ஊரின் பெயர். புதுவையில் வேதபுரீசுவரர் கோயில் உண்டு. பழைய கோயில் 1748-இல் துய்ப்ளேக்சு காலத்தில் இடிக்கப்பட்டதனை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு விரிவாகச் சொல்லும். பிறிதோரிடத்தில் பின்னர் எழுந்த கோயிலுக்கு அணித்தாகவே பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தருமராசா கோயில் தெரு உளது. ஆகலின் வேதபுரம் என்னும் பெயர் வானத்திலிருந்து எடுத்ததன்று, தெருவிலிருந்தே எடுத்தது. எனினும் ‘புதுச்சேரி’ என்று எழுதாமல் ‘வேதபுரம்’ என்று எழுதியமைக்குக் காரணம் ஒற்றர்க்கு மறைத்தல் என்று சிலர் கூறுவது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவர் புதுவையில் இருப்பதை உலகம் அறியும். ஒற்றர் அவர் வீட்டு வாயிலிலேயே நின்றனர். பெயர்மாற்றத்தின் பயன் வேறு. புதுச்சேரி என்றால் அங்கே கவர்னர் உண்டு, துறைமுகம் உண்டு, போலீசு உண்டு, வழக்கு உண்டு. வேதபுரம் என்றால் அங்கே காக்கைகள் சபை கூட்டலாம். குடுகுடுப்பைக்காரன் ஊர்முழுமைக்கும் குறி சொல்லலாம். தராசு வாய்திறந்து பேசலாம். ஊர் அதுவே, ஆனால் அதில் நிகழக்கூடியவற்றின் எல்லை விரிந்துவிடுகிறது. எனவே வேதபுரத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் புதுச்சேரியில் நடந்ததாக எடுத்தெழுதும் ஆராய்ச்சியாளர், ஆசிரியர் தாமே இட்ட வேலியைத் தாண்டுகின்றார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் வைத்தார். இவற்றுள் எள்ளலுக்குப் பேராசிரியர் காணும் விளக்கம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று; பிறரால் தான் இகழப்பட்டபோது அதனைக் கண்டு தானே சிரிப்பது மற்றொன்று என எள்ளல் இருவகைப்படும் என்பது அவர் கருத்து. இரண்டாவது வகையை அவர் பிரித்துக் காட்டியது நுட்பமானது. உரையாசிரியர்களைப் பயிலும் நாம் இப்பகுதியைத் தேர்வுக்குப் படித்து மறந்து விடுகிறோம். இக்கால உரைநடைக்கு அதனைப் பொருத்திப் பார்ப்பது அரிது. மடன் என்பதோ பிறர் அறிவித்ததனை அவ்வாறே ஏற்று, ஏற்றதனை விடாது பற்றிக்கொள்ளும் இயல்பு. வேதபுரச் சித்திரங்களில் கதைசொல்லியிடம் காணப்படும் நகை இவ்விரண்டின் சேர்க்கை என்பேன். அவன் சொல்வதையெல்லாம் நம்புகின்றவன் போல நடிக்கின்றான். நம்பியதன் பயனாகத் தான் சிறியவனாவதைக் கண்டு தானே சிரிக்கின்றான்.

மேனாட்டிலும் புதியவனைக் கருவியாகக் கொண்ட நகை இலக்கியம் உண்டு. பிரெஞ்சு ஆசிரியர் மோந்தெசுகியூ 1721-இல் வெளியிட்ட ‘பாரசீகக் கடிதங்கள்’ அவற்றுள் புகழ்பெற்றது. பாரசீகர் இருவர் பாரிசு நகருக்கு வந்து அந்நகரத்தாரின் வழக்கங்களைக் கண்டு வியந்து கடிதம் எழுதுகின்றனர். அங்கே நகைக்கு இலக்காவோர் ஊரார். புதியவன் கண் அளவுகோல். இங்கே அம்முறை தலைகீழாகின்றது. வேதபுரத்தில் அளவுகோலாக நிற்பது ஊரும் ஊர்க்கு வருவோரும், அளக்கப்படுபவன் கதைசொல்லி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்துகொண்டு, பிரெஞ்சு இலக்கியம் வழக்கில் ஏற்றிய முறையைத் தமிழ்ப்புலவன் புரட்டிவிட்டான் என்று சொல்லத் தோன்றுகின்றது. அவன் அந்நூலைக் கற்றானா என்பது ஈண்டு வேண்டற்பாலதன்று. இரு முறைகளின் வேற்றுமையே கருதற்பாலது.

‘புதிய கோணங்கி’யைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அது இத்தொகுதியின் தலையாய சித்திரம் என்பது என் துணிபு. வேதபுரத்துத் தெருவில் ஒரு குடுகுடுப்பைக்காரன் வருகின்றான். குடுகுடுப்பைக்காரனை நாம் அறிவோம். விடியலில் வருவான், கந்தைகளை மூட்டையாகச் சுமப்பான், அச்சுறுத்தும் குறி சொல்வான், பழந்துணி கேட்பான். இவனோ முற்றும் வேறு. துணிமூட்டை இல்லை, வெண்ணிற வேட்டியும் சட்டையும் அணிந்தவன், அரிசி மூட்டையில் பாதியளவு பருத்த சிவப்புத் தலைப்பாகை, நெற்றியில் பெரிய குங்குமம், காலில் ஐதராபாத்துச் செருப்பு. உடுக்கையிலோ முப்பத்தைந்து தாளபேதம் காட்ட வல்லவன். இவ்வருணனையை எழுதும் கதைசொல்லி அவனை ஏளனம் செய்வதற்கு எல்லா வாய்ப்பும் பெற்றிருக்கின்றான். தலைப்பாகைக்கு அரிசி மூட்டையை உவமை கூறும்போது நம் உதடு விரியவும் செய்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே அவன் தாளத்தை வியக்கின்றான். பெரிய மிருதங்க வித்துவானோடு ஒப்பிடுகின்றான். எள்ளலுக்கு எடுத்த கை பாராட்டாக இறங்குகின்றது. இது சிறு செய்தியன்று. கந்தை வாங்கும் ஒருவனிடம் கலை காணும் கண், அவ்வீதியில் பிறந்து வளர்ந்தவனுக்கு எளிதில் வாயாது. அவனுக்குக் குடுகுடுப்பைக்காரன் நாள்தோறும் கேட்கும் ஓசை. கதவைச் சாத்தச் செய்யும் ஓசை.

அக்குடுகுடுப்பைக்காரன் பாடும் குறியோ இன்னும் புதுமையானது. ஒரு வீட்டாருக்கு அவன் குறி சொல்லவில்லை. வேதபுரத்தார் அனைவர்க்கும் சொல்கின்றான். சாதிகள் ஒன்றுகூடும், சண்டைகள் நீங்கும், வாணிகமும் தொழிலும் பெருகும், தொழிலாளி வாழ்வான் என்னும் நற்செய்திகளோடு, தொப்பை சுருங்கும் என்னும் ஒரு செய்தியும் கலந்து வருகின்றது. இக்கலப்பில்தான் சித்திரத்தின் உயிர் இருக்கின்றது. தமிழ்ப் புலவர்க்கு உடனே குறவஞ்சி நினைவுக்கு வரும். திரிகூடராசப்பக் கவிராயர் முதலியோரின் குறவஞ்சிகளில், வெளியூர்க் குறத்தி நகருக்குள் புகுந்து, தன் நாட்டு மலைவளம் பாடித் தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்கின்றாள். வருபவள் புதியவள்; கேட்பவள் ஊராள். குறியின் பொருள் ஒருத்தியின் காதல். பாரதியார் அக்கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு மாற்றம் செய்தார். குறியின் பொருளை ஒருத்தியின் நெஞ்சிலிருந்து ஓர் ஊரின் வாழ்வுக்கு மாற்றினார். குறி கேட்பவனையும் ஊர்க்குப் புதியவனாக்கினார். இரு புதியவர் தெருவில் எதிர்ப்படுகின்றனர். ஒருவன் ஊரின் எதிர்காலத்தை உரைக்க, மற்றவன் கேட்டு எழுதுகின்றான். ஊரார் எவரும் இதனைக் கேட்டதாகச் சித்திரத்தில் அழுத்தம் இல்லை. இதனை நகை என்பதா, துயரம் என்பதா?

இச்சித்திரத்துக்கு நேர்ந்த தீங்கு ஒன்றைச் சுட்டாமல் மேலே செல்லலாகாது. குடுகுடுப்பைக்காரன் குறி விரிந்த பாட்டாகக் கவிதைத் தொகுதிகளில் தனியே இடம்பெற்றுவிட்டது. பள்ளி, கல்லூரிப் பாடங்களிலும், மேடைகளிலும் அப்பாட்டே வழங்குகின்றது. உரைநடையைப் படியாமல் பாட்டை மட்டும் கற்ற மாணாக்கன், கவிஞர் தாமே நாட்டுக்கு நல்வாக்குக் கூறுகின்றார் என்று கொள்கின்றான். உரைநடையில் அது கவிஞர் கூற்றன்று. சிவப்புத் தலைப்பாகைக்காரன் கூற்று. கவிஞர் திண்ணையிலிருந்து கேட்பவர். ‘நல்ல காலம்’ என்பது குடுகுடுப்பைக்காரன் எந்த வீட்டிலும் சொல்லும் வாய்பாடு என்பதனை மறந்தால், அவ்வாய்பாட்டுக்குள் சாதியொழிப்பை வைத்த துணிச்சலும் மறைந்துபோகும்; அது உண்மையாகவே நிகழுமா, அல்லது கந்தைத் துணிக்காகச் சொல்லப்பட்ட நன்மொழியா என்னும் ஐயமும் மறைந்துபோகும். அவ்வையம் ஆசிரியரால் விடப்பட்டது. அதனை நீக்கப் பதிப்பாசிரியர்க்கு உரிமை இல்லை.

‘காக்காய் பார்லிமெண்ட்’டில் நகை வேறு வகையது. உடுப்பியிலிருந்து ஒரு சாமியார் கதைசொல்லியைக் காண வருகின்றார். அவர் பறவை மொழியறிந்தவர். காக்கைக் கூட்டத்தில் நிகழும் விவாதத்தை மொழிபெயர்த்துச் சொல்கின்றார். காக்கை மொழியின் சொற்கோவை, ஒரு சில எழுத்துகளையே மாற்றி மாற்றிக் கூட்டி ஓர் அகராதி முழுவதையும் ஆக்கிவிடுவது. மொழிநூல் கற்பிக்கும் நாம் இப்பகுதியை வகுப்பில் படிக்கும்போது மாணாக்கர் நம்மையே பார்த்துச் சிரிப்பதுண்டு. அச்சிரிப்புக்கு இடம் உண்டு என்றே கொள்ள வேண்டும். கதைசொல்லி இங்கே மடன் நிலையில் நிற்கின்றான். சாமியாரின் மொழியறிவை அவன் சோதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கேட்டவாறே நமக்கு உரைக்கின்றான்.

இச்சித்திரத்தை ஆட்சிமுறை பற்றிய அங்கதமாக எல்லாரும் கூறுவர். அது மெய்யே. ஆனால் ‘பார்லிமெண்ட்’ என்னும் சொல் வேதபுரத்தில் ஒலிக்கும்போது அதற்குள்ள தனித்தன்மையை எவரும் எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிசுப் பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பி வந்தது. எல்லைக்கு அப்பால் கடலூரில் வாழ்ந்த தமிழனுக்கு இலண்டன் பாராளுமன்றத்தில் ஒரு வாக்கும் இல்லை. இப்பால் முத்தியாலுப்பேட்டையில் வாழ்ந்தவன் பாரிசுக்கு ஆளனுப்ப வாக்களித்தான். ஆனால் அத்தேர்தல்கள் ஆரவாரத்துக்கும் அடிதடிக்கும் முறைகேட்டுக்கும் பெயர்போனவை. 1914-ஆம் ஆண்டுத் தேர்தலில் பால் ரிசார் என்னும் பிரெஞ்சுக்காரர் போட்டியிட, அரவிந்தரும் பாரதியாரும் அவரை ஆதரித்தனர். அவர் படுதோல்வி அடைந்தார். சென்னையிலிருந்து வந்த ஒருவன், தன் நாட்டார் எதற்காகச் சிறை சென்றனரோ அவ்வுரிமை, ஒருவகையில், அடுத்த ஊரில் கைவசம் இருப்பதையும், அது காக்கைக் கூச்சலாய் முடிவதையும் ஒருங்கே கண்டான். இவ்வனுபவத்தைக் கட்டுரையாக எழுதினால் கசப்பாகும். அல்லது பிரிட்டிஷார்க்குச் சான்றாகும். காக்கைகளின் வாயில் வைத்தமையின் பயன் இதுவெனக் கொள்ளலாம்.

இனி, ஊரார் பெயர்கள். இச்சித்திரங்களிலும் ‘தராசு’ப் பகுதிகளிலும் வேணு முதலியார், பிரமராய அய்யர், எலிக்குஞ்சு செட்டியார் என்போர் வருவர். பாரதியார் புதுவையில் பழகியவர்களுக்குப் பட்டப்பெயர் இடும் வழக்கமுடையவர் என்பதனை வ. ரா. முதலியோர் எழுதியுள்ளனர். வீட்டுக்குடையவர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். முத்தியாலுப்பேட்டைத் தோட்டக்காரர் கிருஷ்ணசாமி செட்டியார் வெல்லச்சு. கொட்டடி வாத்தியார் வேணு நாயக்கர் வல்லூறு நாயக்கர். ஊரில் பிறந்தவன் ஒருவனை இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன கொடிவழி என்று அறிவான். புதியவனுக்கு அக்கணக்கு எட்டாது. அவன் கண்ணில் முதலில் படுவது உருவமும் நடையும். ஆகவே பட்டப்பெயர் என்பது புதியவன் ஊரைத் தனதாக்கிக்கொள்ளும் வழி. அதனை இகழ்ச்சி என்பது பொருந்தாது. பெயரிடப்பட்டவர்கள் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டு, வாடகையைக் கேளாமலே திரும்பிவிடுவார் என்று வ. ரா. எழுதுவது யாவரும் அறிந்ததே. நகைக்கு இலக்கானவர் பொறுமைக்கும் இலக்கியமானார்.

எலிக்குஞ்சு செட்டியார் யார் என்னும் ஆராய்ச்சி இன்றும் நடைபெறுகின்றது. இதில் யானும் தவறியவனே. முதுகலை மாணாக்கனாய் முதன்முறை புதுவை சென்றபோது, கையில் குறிப்பேட்டோடு ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் திண்ணையிலிருந்த ஒரு முதியவரை அணுகி, “ஐயா, எலிக்குஞ்சு செட்டியார் வீடு எது?” என்று கேட்டேன். அவர் என்னையும் குறிப்பேட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “எலி எல்லா வீட்டிலும் இருக்கு தம்பி, செட்டியாரைத்தான் காணோம்” என்றார். அடுத்த திண்ணையில் இருந்தவர்களும் சிரித்தனர். சற்றுப் பொறுத்து யானும் சிரித்தேன். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலின் பொருள் எனக்கு விளங்கியது அன்றுதான். பின்னர் அம்முதியவர் குடிக்க நீர் தந்து, பாரதியார் வாழ்ந்த வீட்டைக் காட்டினார். கற்பனைப் பெயர்க்கு வீட்டெண் தேடிய பிழையை அந்நாள்முதல் யான் செய்ததில்லை.

வ. ரா.வின் நூலிலும் இத்தகைய ஒரு காட்சி உண்டு. அவர் புதுவைக்கு வந்து முதன்முதல் பாரதியாரைக் கண்டபோது ஆங்கிலத்தில் பேசினார். பாரதியார் அவருக்கு மறுமொழி கூறாமல், உள்ளிருந்த ஓர் இளைஞனை அழைத்து, உனக்கேற்ற ஆங்கிலப் பேச்சாளர் ஒருவர் வந்திருக்கிறார் என்னும் கருத்துப்பட உரைத்தார். வ. ரா. நாணினார், அந்நாணத்தைப் பல்லாண்டு கழித்துத் தாமே எழுதினார். இங்கே புதியவர் வ. ரா.; ஊரார் பாரதியார். தாம் ஒருகால் நின்ற இடத்தில் பிறரை நிறுத்தி நகைக்கும் அளவுக்கு அவர் ஊரவர் ஆகிவிட்டார் என்பதனை இக்காட்சி புலப்படுத்தும். புதுவையில் 1891-இல் பிறந்த பாரதிதாசனார் தம் ஆசிரியரை முதலில் சந்தித்ததைக் கூறும் பகுதியோ இதற்கு மாறானது. வேணு நாயக்கர் திருமணத்தில் பாரதியார் பாட்டைப் பாரதியார் இருப்பதறியாமல் அவர் பாடினார். அங்கும் அறியாமை உண்டு. ஆனால் ஊரைப் பற்றிய அறியாமை இல்லை. ஊர் அவர்க்கு இயல்பு. வியப்பு மனிதரைப் பற்றியதே. வேதபுரச் சித்திரங்களை அவர் எழுதியிருக்க முடியாது என்பது அவர்க்குக் குறையன்று. யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ (1954) குழந்தைக் கண்ணால் கண்ட புதுவையைக் காட்டுவது; அதில் வரும் நகை இளமை என்னும் நிலைக்களனைச் சார்ந்தது ஆதலின் தனியே ஆராயத்தக்கது.

நம் பொருளில் மிக அருமையானது இனிக் கூறப்படுவது. வேதபுரச் சித்திரங்களின் கட்டமைப்பை உற்றுநோக்கின் ஒன்று புலனாகும். பெரும்பாலானவற்றில் முன்பின் அறியாத ஒருவர் வருகின்றார். உடுப்பிச் சாமியார் வருகின்றார், குடுகுடுப்பைக்காரன் வருகின்றான், மிளகாய்ப் பழச் சாமியார் என்னும் பெண்துறவி தோன்றுகின்றார், கடற்கரை மணலில் தனித்திருந்தால் ஆண்டி ஒருவன் எதிர்ப்படுகின்றான். கதைசொல்லி எவரையும் நீ யார், எவர் அனுப்பினார் என்று கடிந்து கேட்பதில்லை. பேசவிட்டுக் கேட்கின்றான். இச்சித்திரங்களை எழுதியவரின் உண்மை வாழ்வில் முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நின்றால் முதலில் எழக்கூடிய ஐயம் யாது? ஒற்றனோ என்பதே. சாமியார் வேடம் ஒற்றர்க்கு உகந்த வேடம். வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்ச்சான்றுகள் அடங்கிய கலம் ஒன்று போடப்பட்டதும், அதனைக் கண்டவர்கள் தாமே அதிகாரிகளிடம் ஒப்படைத்ததும், பின் அரவிந்தர் இல்லத்தைச் சோதிக்க வந்த பிரெஞ்சு அதிகாரி அங்கே கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு மதிப்போடு திரும்பியதும் வரலாறு. இதுவும் நகைக்கத்தக்க நிகழ்ச்சிதான். ஆனால் கலம் காணப்படாமல் இருந்திருந்தால் நகைக்க ஒருவரும் எஞ்சியிரார்.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, வருவோர் அனைவரையும் வியப்புக்குரியவராகக் காட்டும் சித்திரங்களை ஒருவர் எழுதியது எளிய நகைவிருப்பால் அன்று. ஐயுறவு மனத்தைச் சுருக்கும் என்பதனை அவர் அறிந்திருந்தார் போலும். வேதபுரத்தில் ஒற்றன் இல்லை. வேதபுரத்தில் வருபவன் எவனும் செய்தி கொண்டு வருபவனே. ஆகவே மேலே கூறிய மடன், கதைசொல்லியின் இயல்பு அன்று. அவன் மேற்கொண்ட நோன்பு. நம்பத்தகாத சூழலில் நம்புகின்றவனாகத் தன்னை எழுதிக்கொண்டான். வேதபுரச் சித்திரங்களை நாட்குறிப்பாகக் கொள்வோர் இழப்பது இதனையே. உண்மையில் அச்சாமியார் வந்தாரா என்று தேடுவோர்க்கு, வந்திருந்தால் எத்தகைய அச்சத்தோடு அவர் நோக்கப்பட்டிருப்பார் என்பது தோன்றுவதில்லை.

இவ்வாறு கூறுதலால் எல்லாச் சித்திரங்களும் ஒத்த தரத்தன என்று கொள்ளற்க. ‘மிளகாய்ப் பழச் சாமியார்’ பெயராலும் தோற்றத்தாலும் நகையை எழுப்பித் தொடங்குகின்றது. ஆனால் துறவி பெண்ணடிமைத்தனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கதைசொல்லி மறைந்து சொற்பொழிவு ஒன்றே நிற்கின்றது. சொல்லப்படும் கருத்து உயர்ந்தது. சித்திரம் அங்கே முறிந்தது. கருத்துத் திரட்டுவோர்க்கு இதுவே முதலிடம் பெறுதல் வியப்பன்று. ‘தராசு’வில் கடைக்காரனும் தராசும் வருவோரும் என்னும் அமைப்பு நிலையாக இருத்தலின், வருகின்றவரின் புதுமை விரைவில் தேய்ந்து, வினாவிடை மட்டும் எஞ்சுவதும் உண்டு. நாளிதழுக்கு இடைவிடாது எழுதுவோர்க்கு இது நேர்வதே.

இன்னொரு குறையும் உண்டு. அதனைக் குறை என்பதோ தெரிவு என்பதோ அவரவர் துணிபு. புதுவை நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கின்றது. கிழக்கே கடலையொட்டி வெள்ளையர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. ஈசுவரன் தருமராசா கோயில் தெரு மேற்கில் உளது. அங்கிருந்து கடற்கரை செல்வோன் வாய்க்காலைக் கடந்து, வெள்ளையர் தெருக்களின் வழியே நடத்தல் வேண்டும். வேதபுரத்துக் கதைசொல்லி கடற்கரை மணலில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். வீட்டுத் தெருவில் நிற்பதையும் காண்கிறோம். இடைப்பட்ட தெருக்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பிரெஞ்சுக் கனவான்கள், பிரெஞ்சுப் பெயர் பூண்ட தமிழர், மாதாகோயில் மணி, படையில் சேர்ந்து ‘சொல்தா’ எனப்பட்டோர் ஆகியோர் அவ்வூரின் வேடிக்கைகளில் பெரும்பகுதி. புதியவன் ஒருவனின் கண்ணில் முதலில் பட வேண்டியவர்களும் அவர்களே. வேதபுரமோ வாய்க்காலின் மேல்கரையோடு நின்று, அங்கிருந்து ஒரே அடியில் கடல்மணலுக்குத் தாவிவிடுகின்றது.